முதல் ஆட்டமும் தேர்ந்தெடுக்காத பற்றும்

கால்பந்து ரசிகர்கள் தாங்கள் சிறுவயதில் முதன்முதலாக நேரில் பார்த்த ஆட்டத்தை நினைவுகூரும்போது ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எத்தனை கோல், யார் போட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் பின்னாளில் பத்திரிகையில் படித்தும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டும் சேர்த்துக்கொண்டவை. தானாகவே நினைவில் தங்குவது வேறு. இருண்ட படிக்கட்டில் ஏறி மேல்படியை எட்டியதும் சட்டென்று விரிந்த பச்சை, புகையிலை நெடி, முன்னால் நிற்பவர்களின் முதுகுகள், எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல் உடம்பை அதிரவைத்த இரைச்சல், இத்தனைக்கும் நடுவில் விடாமல் பிடித்திருந்த ஒரு கை. அது அப்பாவின் கையாக இருக்கும்; தாத்தா, மாமா, அண்ணன் கையாகவும் இருக்கலாம். அன்று மாலை வீடு திரும்பும் குழந்தைக்கு ஓர் அணி இருக்கிறது. எழுபது வயதிலும் பலருக்கு அதே அணிதான்.

மனிதன் தொழிலை மாற்றிக்கொள்கிறான், ஊரை மாற்றுகிறான், கட்சி மாறுகிறான், சமயம் மாறுகிறவனும் உண்டு. அணியை மாற்றுகிறவர்கள் அரிது. இத்தனைக்கும் அந்த அணியை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறேழு வயதில், காரணம் எதையும் எடைபோடத் தெரியாத பருவத்தில், யாரோ கைபிடித்துக் கூட்டிப்போனதால் வந்து சேர்ந்தது அது. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றின் மீது வைக்கும் பற்று உண்மையான பற்றாகுமா, அதற்கு ஒருவன் கட்டுப்பட்டவனா என்ற கேள்வி இங்கே எழுகிறது. சமயங்கள் பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வரும் கேள்வியும் இதுவே. முதல் ஆட்டத்தின் நினைவு அதைச் சின்ன அளவில், தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் நினைவைப் பற்றி. ஆங்கில எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 1992-இல் வெளியிட்ட 'ஃபீவர் பிட்ச்' இந்த வகை நினைவுகளில் மிகவும் அறியப்பட்டது. 1968 செப்டம்பர் 14 அன்று லண்டன் ஹைபரி அரங்கத்தில் ஆர்சனலும் ஸ்டோக் சிட்டியும் மோதின. ஆர்சனல் 1–0 என்று வென்றது. பெனால்டி தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தில் கிடைத்த கோல். ஹார்ன்பிக்கு அப்போது வயது 11. பெற்றோர் பிரிந்துவிட்டிருந்தனர். மகனோடு கழிக்கக் கிடைத்த நேரத்துக்கு ஓர் இடம் தேடிய தந்தை அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். ஆட்டம் சுமாரானது. சிறுவனை ஆட்கொண்டது சுற்றியிருந்த ஆண்களின் முகங்கள். பொழுதுபோக்க வந்தவர்களாக அவர்கள் தெரியவில்லை. பொருமினார்கள், சலித்துக்கொண்டார்கள், வேதனைப்பட்டார்கள். இவ்வளவு வேதனைப்பட்டும் ஏன் வருகிறார்கள் என்ற வியப்புதான் அவரை உள்ளே இழுத்தது.

இப்படிப்பட்ட நினைவை எவ்வளவு நம்பலாம்? இந்தியத் தத்துவத்தில் நியாய மரபு நினைவைப் பிரமாணமாக, அதாவது அறிவுக்கான நம்பத்தக்க சான்றாக, ஏற்பதில்லை. முன்பு பெற்ற அனுபவம் விட்டுச்சென்ற சம்ஸ்காரம் என்ற மனப்பதிவிலிருந்து எழுவதே நினைவு. புதிய அறிவு எதையும் அது தருவதில்லை என்பது அந்த மரபின் வாதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-இல் வெளியிட்ட நூலில் வேறொரு பக்கத்திலிருந்து இதை அணுகினார். தனி மனிதன் தனியாக நினைவுகூர்வதில்லை. குடும்பம், சமயம், வர்க்கம் ஆகியவை தரும் சட்டகத்துக்குள்தான் நினைவு நிற்கிறது என்றார். சிறுவயது நினைவுகளில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிச் சேர்த்தது எவ்வளவு, குழந்தை தானே கண்டது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முதல் ஆட்டத்தின் கதையும் அப்படித்தான். அப்பா பல தடவை சொன்னது மகனின் நினைவாகிவிடுகிறது. அன்றைய ஆட்டத்துக்குச் சாட்சியாக அந்த நினைவு வலுவற்றதுதான். ஆனால் இந்தக் கலப்பைக் குறையாகக் கொள்வது சரியல்ல. இரண்டு தலைமுறைகள் சேர்ந்து ஒரே நினைவை வைத்திருக்கின்றன என்பதே அது எத்தகைய நினைவு என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதற்கு மிகப் பொருத்தமான ஒரு வாழ்க்கை அர்ஜென்டினாவில் கிடைக்கிறது. 1908-இல் புவெனஸ் ஐரிஸ் நகரின் அல்மாக்ரோ பகுதியில் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒருவன் டிராமில் அடிபடப் பார்த்தான். அதைக் கண்ட லொரென்சோ மாஸா என்ற சலேசிய சபைக் குருவானவர் கோவில் வளாகத்திலேயே விளையாட அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஞாயிறு திருப்பலிக்கு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்தச் சிறுவர்களின் அணிதான் சான் லொரென்சோ. 28 ஆண்டுகள் கழித்து, 1936 கிறிஸ்துமஸ் நாளில், அதே அல்மாக்ரோவில் சலேசியரின் பேராலயத்தில் பிறந்து எட்டே நாளான ஓர் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. குழந்தையின் பெயர் ஹோர்ஹே மாரியோ பெர்கோலியோ. பிற்காலத்தில் போப் பிரான்சிஸ்.

தந்தை இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர், கணக்காளர். அவர் கூடைப்பந்து ஆடியதும் சான் லொரென்சோவில்தான். கால்பந்து பார்க்கக் குடும்பமே போனது போயெதோ பகுதியில் இருந்த காஸோமெத்ரோ அரங்கத்துக்கு. மரப்பலகை கேலரிகள் கொண்ட பெரிய அரங்கம் அது. 1946-இல் சான் லொரென்சோ சாம்பியன் ஆனபோது சிறுவனுக்கு ஒன்பது வயது. அந்த அணியின் ஃபாரோ, பொந்தோனி, மார்த்தினோ என்ற மூவரை அர்ஜென்டினா இன்றும் தங்க மூவர் என்று நினைவில் வைத்திருக்கிறது. ரேசிங் அணிக்கு எதிராக ரெனே பொந்தோனி, பந்தை நெஞ்சில் வாங்கித் தரையில் விழவிடாமல் திரும்பி அடித்த கோலைப் பற்றிப் போப் ஆன பின்பும் அவர் பேசினார். அவரே நன்றாக ஆடத் தெரிந்தவர் அல்லர். சிறுவர் ஆட்டங்களில் பெரும்பாலும் கோல் கீப்பராக நிறுத்தப்பட்டவர்.

1990-இல் கார்மேல் அன்னைக்கு நேர்ந்துகொண்டு அவர் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டார். அதற்குப் பின் சான் லொரென்சோ 2014-இல் தென் அமெரிக்காவின் உயர்ந்த கோப்பையான கோபா லிபர்தாதோரெஸை முதன்முறையாக வென்றபோதும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வத்திக்கானில் காவல் பணியில் இருந்த சுவிஸ் வீரர் ஒருவர் ஆட்டங்களின் முடிவுகளையும் புள்ளிப்பட்டியலையும் அவருக்குத் தெரிவித்துவந்தார். கண்ணால் பார்ப்பதை முற்றிலும் விட்டுவிட்ட ஒருவர் அந்த அணியின் சந்தாதாரராகவும் ரசிகராகவும் 2025 ஏப்ரல் 21-இல் இறக்கும்வரை இருந்தார். ஆட்டம் தரும் இன்பத்துக்காகத்தான் ரசிகன் அணியைப் பற்றிக்கொள்கிறான் என்ற விளக்கம் இவருக்குப் பொருந்தாது. அவரிடம் எஞ்சியிருந்தது ஒன்பது வயதில் குடும்பத்தோடு போய்வந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஞானஸ்நானம், அணி ஆகிய இரண்டையும் அவருக்குக் கொடுத்தவர்கள் பெற்றோர். இரண்டும் ஒரே ஊர்ப்பகுதியிலிருந்து வந்தவை. இரண்டையும் அவர் கேட்டு வாங்கவில்லை.

கால்பந்துக்கும் கோவிலுக்கும் உள்ள இந்த உறவு அர்ஜென்டினாவில் மட்டும் காண்பதல்ல. இங்கிலாந்தில் எவர்ட்டன், ஆஸ்டன் வில்லா, சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் சிட்டி ஆகியவை தேவாலயங்களைச் சுற்றி முளைத்த அணிகள். எவர்ட்டனின் பழைய குடிசன் பார்க் அரங்கத்தின் ஒரு மூலையில் புனித லூக்கா ஆலயம் ஒட்டியே நிற்கிறது. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு கிறிஸ்தவத் துதிப்பாடலைப் பாடும் வழக்கம் 1927-இல் தொடங்கியது. இவற்றை வைத்துக் கால்பந்தும் ஒரு சமயம் என்று சொல்லிவிடுவது எளிது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இல் சமய வாழ்வின் அடிப்படைகளை ஆராய்ந்தபோது, மக்கள் கூடும் இடத்தில் எழும் கொந்தளிப்பிலிருந்தே புனிதம் பற்றிய உணர்வு பிறக்கிறது என்றார். கூட்டம் தன் சொந்த வலிமையைத்தான் தெய்வமாக உணர்கிறது என்பது அவர் கருத்து. அரங்கத்தின் இரைச்சலுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆனாலும் துர்கைம் கூட்டத்தை விளக்குகிறாரே தவிர, கூட்டத்தில் நிற்கும் குழந்தையை விளக்கவில்லை. குழந்தை கூட்டத்தோடு சேர்ந்து கொந்தளிப்பதில்லை. முதலில் அது பயப்படுகிறது. பிறகு அண்ணாந்து தன்னைக் கூட்டிவந்தவரின் முகத்தைப் பார்க்கிறது. வீட்டில் அதிகம் பேசாத அப்பா இங்கே தொண்டை கிழியக் கத்துகிறார். முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடிக்கிறார். பந்து வெளியே போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். அதுவரை குழந்தையின் உலகத்தில் எல்லாவற்றையும் செய்யக்கூடியவர் அப்பா. இந்த இடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, வேண்டிக்கொள்ளத்தான் முடிகிறது. தேர்த் திருவிழாவில் தோளில் தூக்கிவைத்துச் சாமி காட்டும் தந்தை கைகூப்பும்போதும் குழந்தை காண்பது இதையே. அப்பாவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்துகொள்ளும் தருணம் அது. கோவிலில் அந்த ஒன்று இறைவன். அரங்கத்தில் அது வெறும் அணி. இரண்டும் சமமல்ல, ஆனால் அவற்றைக் குழந்தை கற்கும் வழி ஒன்றே. பெரியவர் ஒருவர் தன்னைவிடப் பெரிதான ஒன்றின் முன் தன் பெருமையை இறக்கிவைப்பதைப் பார்த்துத்தான் பக்தி என்பது குழந்தைக்குப் புரிகிறது. எந்தப் பாடப்புத்தகமும் அதைக் கற்றுத்தர முடியாது.

இதே வழியாகத் தீமையும் வந்து சேரும். புனித அகுஸ்தினார் 'ஒப்புதல்கள்' நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுஸின் கதையைச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போயிருந்த அலிப்பியுஸ், மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கும் கிளாடியேட்டர் காட்சிகளை வெறுத்தவர். நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப்போனார்கள். உடம்பைத்தானே கொண்டுபோவீர்கள், மனத்தை அல்லவே என்ற உறுதியோடு கண்களை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு வீரன் சாய்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலி காதில் விழுந்தது. கண் திறந்தது. அன்று முதல் அவர் அந்தக் காட்சிக்கு அடிமையானார். மற்றவர்களையும் இழுத்துவரத் தொடங்கினார். காதை மூடாமல் விட்டதுதான் பிழை என்பது அகுஸ்தினார் தரும் நுட்பமான குறிப்பு. கல்வியும் மனவுறுதியும் உள்ள இளைஞனையே கூட்டத்தின் குரல் வீழ்த்தும் என்றால், ஆறு வயதுக் குழந்தையின் கதி என்ன?

கிளாஸ்கோ நகரம் இதற்குக் கசப்பான விடை. 1887-இல் புனித மரியன்னை ஆலய மண்டபத்தில் செல்டிக் அணியைத் தொடங்கிவைத்தவர் மாரிஸ்ட் சபைத் துறவி வால்ஃப்ரிட். நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஐரிஷ் கத்தோலிக்க ஏழைக் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவது அவர் நோக்கம். காலப்போக்கில் எதிரணியான ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்ட் அணியாகவே அறியப்பட்டது. பல பத்தாண்டுகள் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஆட்டக்காரரை அது சேர்க்கவில்லை. அந்த வழக்கம் 1989-இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டன் வந்தபோதுதான் உடைந்தது. பசித்த குழந்தைகளுக்காகப் பிறந்த அணியின் ஆட்டத்துக்கு முதன்முதலாக வந்த குழந்தை, அணியை நேசிக்கக் கற்ற அதே நாளில் எதிர்க் கேலரியில் நிற்கும் குழந்தையை வெறுக்கவும் கற்றது. மறுபக்கத்திலும் அதே பாடம். இரண்டு பக்கத்திலும் கற்றுக்கொடுத்தவை அன்பான கைகள்தாம்.

ஆகவே கேள்வி கூர்மையாகிறது. அறியாப் பருவத்தில் இவ்வளவு ஆபத்தான ஒன்றை ஒருவர் தலையில் ஏற்றிவைக்க யாருக்கு உரிமை? கிறிஸ்தவத்தில் குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிய நெடிய வழக்கு இதுவே. ஆயர் போனிஃபாஸ் எழுப்பிய கேள்விக்கு விடையாக அகுஸ்தினார் ஒரு கடிதம் எழுதினார். பேசத் தெரியாத குழந்தைக்காக அதைத் தூக்கி வருகிறவர்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள். அவர்கள் வழியாகத் திருச்சபை முழுவதுமே அந்தக் குழந்தையை ஏந்தி வருகிறது என்றார். 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு சிறு குழுவினர் இதை மறுத்தனர். தானே அறிந்து, தானே நம்பிப் பெறாத ஞானஸ்நானம் செல்லாது என்று வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தனர். அந்த நம்பிக்கைக்காக அவர்களில் பலர் கொல்லப்பட்டனர்.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. குழந்தையை எந்தப் பற்றும் இல்லாமல் வளர்த்து, பெரியவனானதும் நீயே தேர்ந்துகொள் என்று சொல்வது நேர்மையாகத் தோன்றும். ஆனால் எதையும் நேசித்துப் பழகாதவனுக்குத் தேர்ந்தெடுக்க என்ன அளவுகோல் இருக்கும்? மொழியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்த மொழியைக் கொண்டுதான் பிற மொழிகளைப் பற்றி யோசிக்கவே முடிகிறது. எனவே பெற்ற பற்று ஒரு தொடக்கம். அது அங்கேயே நின்றுவிட்டால் சூரிச் குழுவினரின் குற்றச்சாட்டு சரியாகிவிடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ஜோசையா ராய்ஸ் 1908-இல் எழுதிய விசுவாசத்தின் தத்துவம் பற்றிய நூல் இங்கே உதவுகிறது. ஒரு நோக்கத்துக்கு மனமுவந்து, செயலால், முழுமையாகத் தன்னைக் கொடுப்பதே விசுவாசம் என்பது அவர் இலக்கணம். மனமுவந்து என்பது முக்கியம். ஆகவே முதல் ஆட்டத்தன்று குழந்தையிடம் இருப்பது இன்னும் விசுவாசம் ஆகவில்லை. ராய்ஸ் இன்னொரு படி மேலே போகிறார். திருடர் கூட்டத்துக்கும் தன் தலைவனிடம் விசுவாசம் உண்டு. நல்ல விசுவாசத்தை எப்படி அடையாளம் காண்பது? பிறர் தம் நோக்கத்தின் மீது வைத்திருக்கும் விசுவாசத்தையும் மதித்து, அதை அழிக்காமல் வளர்ப்பதே நல்லது என்றார். இந்த அளவுகோல் கால்பந்துக்கு அப்படியே பொருந்தும். எதிர்க் கேலரியிலும் ஒரு குழந்தை யாரோ ஒருவர் கையைப் பிடித்து நிற்கிறது என்பதை உணர்ந்த ரசிகனிடம்தான் சிறுவயதில் பெற்ற பற்று அவனுடைய சொந்தப் பற்றாக முதிர்ந்திருக்கிறது.

கைபிடித்துக் கூட்டிப்போகிறவரின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது ஹில்ஸ்பரோவைத் தவிர்க்க முடியாது. இங்கிலாந்தின் பழைய அரங்கங்களில் ரசிகர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். உயரம் போதாத சிறுவர்களைத் தலைகளுக்கு மேலாகக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவது வழக்கம். பெயர் தெரியாத கைகள் ஒரு குழந்தையைப் பத்திரமாக முன்னே சேர்த்துவிடும். பலருடைய முதல் ஆட்ட நினைவில் இந்தப் பயணம் உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய அரையிறுதியில் அந்த முன்வரிசையே சாவின் இடமானது. ஏற்கனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் மேலும் ஆயிரக்கணக்கானோர் அனுப்பப்பட்டனர். முன்னால் இரும்பு வேலி. 3 மணி 6 நிமிடத்துக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. நசுங்கியும் மூச்சுத்திணறியும் இறந்தவர்கள், 2021-இல் அன்றைய காயங்களால் இறந்தவரையும் சேர்த்து, 97 பேர். மிக இளையவனுக்கு வயது 10.

குடிபோதையில் வந்த ரசிகர்கள்தாம் காரணம் என்று காவல்துறை சொன்னது, நாளிதழ்களும் பரப்பின. அன்று அங்கே நின்றவர்களுக்குத் தாங்கள் கண்டது தெரியும். அவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் அந்த நினைவை 27 ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தனர். 2016 ஏப்ரல் 26 அன்று விசாரணை நடுவர்கள், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் தீர்ப்பளித்தனர். நினைவு பிரமாணம் ஆகாது என்ற வாதம் தனி மனிதனின் நினைவுக்குப் பொருந்தலாம். அதிகாரம் எழுதிய பொய்க்கு எதிராக ஒரு நகரமே சேர்ந்து காத்த நினைவு பிரமாணமாகவே நின்றது. ஹால்ப்வாக்ஸ் சொன்ன கூட்டு நினைவு இங்கே அறத்தின் கருவியானது.

முதல் ஆட்டம் என்ற நினைவே மறுக்கப்பட்டவர்களும் உண்டு. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெண்கள் ஆண்களின் கால்பந்து ஆட்டங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. அரைக்கால் சட்டை அணிந்த ஆண்களைப் பார்ப்பதும் அரங்கத்தின் வசைமொழியைக் கேட்பதும் தகாது என்பது சொல்லப்பட்ட காரணம். 2006-இல் அன்றைய அதிபர் தடையை நீக்க ஆணையிட்டபோது மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், ஆணை கைவிடப்பட்டது. ஆண் வேடமிட்டு நுழைய முயன்ற பெண்கள் பிடிபட்டார்கள். 2019-இல் அப்படிப் பிடிபட்ட இளம்பெண் ஒருவர் நீதிமன்றத்துக்கு வெளியே தனக்குத் தீவைத்துக்கொண்டு செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, தெஹ்ரானின் ஆசாதி அரங்கத்தில் கம்போடியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தைப் பார்க்கத் தனிப் பகுதியில் ஏறத்தாழ 3,500 பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள். ஈரான் 14–0 என்று வென்றது. அவர்களில் பலருக்கு வாழ்க்கையின் முதல் ஆட்டம் அதுதான். மகனைக் கூட்டிப்போன தந்தை மகளை வாசலிலேயே விட்டுவரச் செய்த ஒரு விதிதான் அந்தத் தடை. கூட்டத்தின் தீமையைப் பற்றிய அகுஸ்தினாரின் கவலை உண்மையானது. அதற்காகக் கூட்டத்தைத் திருத்தலாம், வேலியைப் பிடுங்கலாம், வசைமொழியை நிறுத்தலாம். மகளின் கையை விடச்சொல்லும் அதிகாரம் எந்தச் சமயத்துக்கும் கிடையாது.